இருநூறு புளியமுத்து

இன்று காலை பத்து மணிக்கு, கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவின் முனையில் இருப்பவர்கள் ஐந்து பேர். அலை மின் நிலையத்துக்குப் பொறுப்பான வசுமதி மேடம். சென்னைக் குழுவிலிருந்து வந்திருக்கும் கோதண்டம் சார். மீட்டரைப் படித்து எழுதும் பெனடிக்டா. பிரேக் பிடிக்கும் இன்னாசி. அலை எண்ணும் நான். ஒரு நாயும் இருக்கிறது. பெனடிக்டாவின் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. நாயை எண்ண வேண்டாம் என்பார்கள். நான் எண்ணியிருக்கிறேன்.

விசில் ஊதியாயிற்று. ஒன்று. கடலுக்குள் அறுபது அடி தள்ளி நிற்கிற கம்பத்தில் சிவப்பு வளையம் நனைந்தது, நனைந்தால் கணக்கு, நனையாவிட்டால் கணக்கில்லை, இடது இடுப்புப் பையிலிருந்து ஒரு புளியமுத்தை எடுத்து வலது இடுப்புப் பையில் போடுகிறேன். வலது கை வயிற்றைக் குறுக்கே தாண்டி இடது பைக்குப் போய் மறுபடி வலதுக்கு வருகிறது, பதினொரு வருடமாக அதே பாதை. இரண்டு. இருநூறு முத்து, கழுவிக் காயவைத்தது, வீட்டிலிருந்து புறப்படுமுன் எண்ணினேன், இங்கே வந்தும் எண்ணினேன். உப்பளத்தில் மூட்டை எண்ணியபோதும் இதே முத்துக்கள்தான், இவற்றில் சில என் மகளைவிட மூத்தவை. மூன்று. அலை அளக்கிற மிதவைக் கருவி ஒன்று இருந்தது, போன ஐப்பசியில் சங்கிலி அறுந்து எங்கோ போய்விட்டது, வேறு வாங்கித் தரவில்லை. அதுவரை என் எண்ணிக்கையைச் சும்மா பக்கத்தில் எழுதி வைப்பார்கள், இப்போது என் எண்ணிக்கைதான் எண்ணிக்கை. சிவப்பைத் தொட்ட அலை ஒன்றுக்குப் பத்து என்று மேடம் வைத்திருக்கிறார், அது கடல் கொடுத்தது. மீட்டர் காட்டுவது நாம் எடுத்தது. நூறு கொடுத்தால் முப்பதாவது எடுக்க வேண்டும். இருபது நிமிடம் ஓட்டி முப்பது வந்தால் நிலையம் இன்னும் மூன்று வருடம் நடக்கும், வராவிட்டால் பங்குனியோடு பூட்டு, கோதண்டம் சார் அதை வந்து இறங்கியதும் சொல்லிவிட்டார், குளிர்பானத்தைக் குடித்துக்கொண்டே. நான்கு. இது தொட்டது, நன்றாகவே தொட்டது.

எனக்குப் பின்னால் பத்தடியில் தகரக் கொட்டகை. அதற்குள் இன்னாசி. நான் திரும்பிப் பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டாம், சத்தத்திலேயே தெரியும். நீளமான இரும்புக் கை, அதன் நுனியில் மஞ்சள் மிதவை, அலை தூக்கினால் மிதவை ஏறும், கை ஏறும், எண்ணெய் அழுந்தும், மின்சாரம் வரும். எல்லா அலைக்கும் சும்மா ஏறி இறங்கவிட்டால் நூற்றுக்குப் பதினெட்டு, பத்தொன்பது, அதற்கு மேல் ஒருநாளும் வந்ததில்லை. இன்னாசி என்ன செய்கிறான் என்றால், மிதவை அடியில் இருக்கும்போது பிரேக்கைப் போட்டுப் பிடித்துக்கொள்கிறான். அலை வருகிறது, ஏறுகிறது, மிதவையோ அசையாமல் தண்ணீருக்குள் அமுங்கிக் கிடக்கிறது, அப்போது விடுகிறான். ஒரு குதி. அந்தக் குதியில்தான் எல்லாம். ஒன்பது. இதற்கு மேடம் பெயர் வைத்திருக்கிறார், இன்னாசிப் பிடி. கொட்டகைச் சுவரில் நீலப் பெயின்டில் எழுதியும் ஆகிவிட்டது, குழு வருகிறது என்று நேற்றுத்தான் ஆள் வைத்து எழுதினார்கள். பெயின்ட் இன்னும் வாடை அடிக்கிறது. காற்று கடலிலிருந்து கரைக்குத்தான் அடிக்கிறது, அப்படியும் எனக்கு அந்த வாடை வருகிறது. பத்து. "அண்ணாச்சி, சூப்பர்!" அது மேடம். அவனுக்கு அண்ணாச்சி. எனக்கு சார். சார் என்பது மரியாதைதான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் கோதண்டம் சாரையும் சார் என்கிறார், வங்கி வாசலில் நிற்கிறவரையும் சார் என்கிறார். அண்ணாச்சி என்று ஒருத்தனைத்தான் சொல்கிறார். "சூப்பரா? இது சும்மா தொண்டையக் கனைச்சதும்மா, இனிமேத்தான் பாட்டு," என்கிறான் இன்னாசி. பெனடிக்டா சிரிக்கிறாள். சென்னை சாரும் சிரித்துவிட்டார். வந்து ஐந்து நிமிடத்தில் அந்த மனிதரைச் சிரிக்க வைத்துவிட்டான். எனக்குப் பதினொரு வருடத்தில் ஒருவரும் சிரித்ததில்லை, நான் சிரிக்க எதுவும் சொன்னதில்லை என்பதும் உண்மை. பதினொன்று.

சொன்னேன். ஒன்று சொன்னேன், சிரிக்க அல்ல. மூன்று வருடத்துக்கு முன்னால், ஆனி மாதம், நான்காம் நோட்டு, அறுபத்திரண்டாம் பக்கம். பிரேக் துருப்பிடித்து மாட்டிக்கொண்ட நாட்களில் மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது என்று ஓரத்தில் எழுதினேன். ஏழு நாள் மாட்டியது, ஏழு நாளும் கூடியது. காலால் எத்தி விடுவார்கள், எத்தும்போது மீட்டர் முள் ஒரு குதி குதிக்கும். கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். மாதா மாதம் மேடம் நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போடுவார், எண்ணைத்தான் பார்ப்பார், ஓரத்தைப் பார்ப்பதில்லை. பத்தொன்பது. இருபது. இரண்டு அலை அடுத்தடுத்து வந்தன, இரண்டும் நனைத்தன. பிறகு ஒருநாள் டீக்கடையில் இன்னாசியும் நானும், மழை, வேறு ஆள் இல்லை, அவனிடம் சொன்னேன். ஏன் சொன்னேன். பேச்சில்லாமல் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கம், அவனுக்குப் பழக்கமில்லை, அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அதைத் தாங்க முடியாமல் சொன்னேன். பிரேக் மாட்டினா கூடுதுவே, என்றேன். "அப்படியா," என்று ஒரு வடையைப் பிய்த்து வாயில் போட்டான். அவ்வளவுதான். மறுவாரம் வேண்டுமென்றே பிரேக்கைப் பிடித்து விட்டுக் காட்டினான், எல்லாருக்கும் முன்னால். மேடம் கை தட்டினார். நான் அப்போதும் எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் திருடினான் என்று சொல்ல முடியாது, அதையும் நான் கணக்காகப் பார்த்துவிட்டேன். மாட்டினால் கூடுகிறது என்பது என்னுடையது. எப்போது விட வேண்டும் என்பது என்னிடம் இல்லை. அது அவன் கையில் இருக்கிறது, அல்லது கண்ணில், முப்பது வருடம் கட்டுமரத்தில் போனவன். அந்தப் பாதியைத்தான் நான் மன்னிக்க முடியாமல் இருக்கிறேன். திருடியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். முப்பத்தொன்று. வீட்டிலும், உங்ககூட வேலை பாக்காரே அவரு எவ்வளவு கலகலன்னு பேசுதாரு என்கிறாள் என் மனைவி, ஒரே ஒரு தடவை நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து கொடுத்தான், அதற்கு. கருவாட்டில் மண் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

அறுபத்து நான்கு. அறுபத்து ஐந்து. குதிக்கிற சத்தம் நன்றாக விழுகிறது, இரும்புக் கை ஏறும்போது ஒரு முனகல், பிறகு எண்ணெய்க் குழாயில் ஒரு சீறல். எனக்கே தெரிகிறது, இன்றைக்கு முப்பது வந்துவிடும். வந்தால் மூன்று வருடம். மூன்று வருடமும் அந்த நீலப் பெயின்டுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்து வந்த அலை வளையத்துக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. ஒரு விரற்கடை. நனையவில்லை. என் கை போனது. இடது பை, முத்து, வலது பை. அறுபத்து ஆறு. நான் போடவில்லை, கை போட்டது என்று சொல்லிப் பார்த்தேன், அது பொய், கையை நான்தான் அனுப்பினேன். எண்ணிக்கை ஏறினால் விழுக்காடு இறங்கும். கடல் அதிகம் கொடுத்தது, இன்னாசி குறைவாக எடுத்தான் என்று ஆகும். யாரும் பார்க்கவில்லை. கம்பத்தை இவ்வளவு தூரத்தில் இந்த வெயிலில் பார்த்துச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான், அதனால்தானே என்னை வைத்திருக்கிறார்கள். அறுபத்து ஏழு, இது நிஜம். பின்னால் குதி ஒன்று நொண்டியது போலக் கேட்டது, நான் கவனிக்கவில்லை, அல்லது கவனித்து மகிழ்ந்தேன். எண்பத்து இரண்டில் இன்னொன்று, இரண்டு விரற்கடை குறைவு. தொண்ணூற்று ஒன்றில் இன்னொன்று. உப்பளத்தில் முதலாளி ஒருமுறை நூறு மூட்டைக்கு ஒன்று கூட்டிச் சொல்லச் சொன்னார், முடியாது என்று வேலையை விட்டு வந்தேன், எட்டு மாதம் வேலையில்லை, அரை வயிறு, அப்படிப்பட்ட நான். நிலையம் பூட்டினால் எனக்கும் சம்பளம் நிற்கும். நிற்கட்டும். மேடம் அழுவார். அழுவாரா? ஆறு வருடம் இந்தக் கல்லின்மேல் நின்று கறுத்துப் போயிருக்கிறார், மூன்று தடவை வழுக்கி விழுந்திருக்கிறார், ஒருதடவை கால் ஒடிந்தது. அழட்டும். நூற்று நான்கில் நான்காவது. நான்கு பொய். அது மட்டும் சரியாகத் தெரிகிறது, நான்கு. பொய்யையும் நான் எண்ணிவிடுகிறேன்.

இப்போது மேடம் கொட்டகைப் பக்கம் போயிருக்க வேண்டும், குரல் கிட்டத்தில் கேட்கிறது. "அண்ணாச்சி, எப்படி இவ்வளவு கரெக்டா விடுறீங்க? சாருக்குச் சொல்லுங்களேன்." சென்னை சாருக்கு. "அது சொன்னா வராதும்மா. கடலு காதுல சொல்லும்." காதில் சொல்லுமாம். எனக்கு ஏன் சொல்லவில்லை? நானும் இந்தக் கல்லில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அவனுக்கு முன்னாலிருந்தே உட்கார்ந்திருக்கிறேன், ஐந்து வருடம் முன்னால், என் நோட்டுகள் ஒன்பது, அலுவலக ஜன்னல் காற்றில் அடிக்காமல் இருக்க அந்த நான்காம் நோட்டை அண்டக் கொடுத்திருக்கிறார்கள், ஒருநாள் எடுத்துத் தரச் சொல்லலாம் என்று, கேட்கவில்லை, கேட்டால் தந்திருப்பார்கள், கேட்க எனக்கு வாய் வராது, இவனுக்கு மட்டும் கடல் காதில், என் முகத்தில் வெயில், ஒரு அலை. வந்தது. போய்விட்டது. கம்பத்தில் வளையம் நனைந்து மினுங்குகிறது. நான் போட்டேனா? கை மடியில் கிடக்கிறது. விரலுக்கிடையில் முத்து இல்லை. போட்டுவிட்டு வந்து மடியில் விழுந்த கையா, போகவே போகாத கையா? நூற்றுப் பதினேழா, பதினெட்டா? பதினொரு வருடத்தில் இப்படி ஆனதில்லை. காய்ச்சலோடு எண்ணியிருக்கிறேன், அம்மா இறந்த செய்தி வந்தபோது மீதி ஒன்பது நிமிடத்தை எண்ணி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அடுத்தது, போட்டேன். அடுத்தது, போட்டேன். போடும்போதெல்லாம் அந்த ஒன்று கூடவே வருகிறது, செருப்பில் ஏறிய மணல் மாதிரி. எண் தெரியாமல் முத்தை மட்டும் கடத்திக்கொண்டிருக்கிறேன், குருடன் மாதிரி. விசில்.

கடைசியில் வலது பையைக் கொட்டி எண்ணி, தாளில் எழுதி, மடித்து மேடத்திடம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெனடிக்டா மீட்டரைப் படிக்கலாம். மீட்டரைப் பார்த்தபிறகு எண்ணிக்கை எழுதினால் கை கோணும் என்று நானே கொண்டுவந்த வழக்கம். துண்டை விரித்து முத்துக்களைக் கொட்டினேன். நூற்று ஐம்பத்தொன்று. இடதில் நாற்பத்தொன்பது. எனக்கு மேல் நிழல் விழுந்தது. இன்னாசி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான், பீடியைப் பற்றவைக்கிற மாதிரி முகத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினான். "என்னவே கணக்கு, இன்னைக்கு உமக்கு என்ன வந்துச்சு? கை மரத்துப் போச்சா?" நான் முத்துக்களைக் கூட்டி ஒதுக்கினேன். "ஒரு அலைக்கு உம்ம முழங்கை அசையவே இல்ல. மெதவை முழுசாத் தண்ணிக்குள்ளயே கெடந்துச்சு. நாலு தடவை சும்மா அசைச்சீரு, நானும் விட்டுத் தொலைச்சேன், குதிக்கவே இல்ல." என் முழங்கையா என்றேன். "பின்ன? கண்ணுல சதை வளந்து ரெண்டு வருசமாச்சுவே. கம்பமும் தெரியல, வளையமும் தெரியல, எல்லாம் வெள்ளையா மினுங்குது. உம்ம முழங்கை வெளிய வந்துதுன்னா மூணு எண்ணி விடுவேன். அலை அங்கேருந்து இங்க வர மூணுதான்." கடல் காதுல சொல்லும்னீரே, என்றேன். "ஆமா, பொம்பளப்பிள்ள ஆசையாக் கேக்கு, இந்தாளு முழங்கை சொல்லும்னா சொல்லச் சொல்லுதீரு?" சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தான். "மேடத்துட்ட சொல்லிராதயும். கண்ணு தெரியாதவனப் பிரேக்குல நிறுத்த மாட்டாங்க."

ஒரு அலை. நான்கு பொய். அப்படியானால் நான் போட்டது எண்ணிக்கையில் மட்டும் போகவில்லை, மிதவைக்கும் போயிருக்கிறது. நான் பொய் சொன்ன நான்கு தடவையும் அவன் கை என்னை நம்பி விட்டிருக்கிறது. இரண்டு வருடம், நாளுக்கு ஆறு ஓட்டம், ஒவ்வொரு குதியும் என் முழங்கை. எந்தப் பாதி என்னிடம் இல்லை என்று வெந்துகொண்டிருந்தேனோ அந்தப் பாதி. "சார், தாள்?" மேடம் கையை நீட்டியபடி வருகிறார். பெனடிக்டா மீட்டருக்கு முன்னால் குனிந்துவிட்டாள். "படிக்காதம்மா," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, நாய்கூடத் தலையைத் தூக்கியது. "மீட்டரைப் படிக்காதே. இந்த ஓட்டம் செல்லாது. நான் தப்பா எண்ணிட்டேன்." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், ஐந்து பேரில் நான்கு பேர். கோதண்டம் சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "எத்தனை தப்பு?" "நாலு கூடுதல். ஒண்ணு குறைவு." "இவ்வளவு துல்லியமாத் தப்பு பண்றவரை நான் பார்த்ததே இல்லை. அப்போ மூணைக் கழிச்சிட்டா முடிஞ்சுதே?" முடிந்தது. எண்ணிக்கை சரியாகிவிடும். மீட்டர் சரியாகாது, குதிக்காத குதிகளை எங்கே போய்க் கூட்டுவது? அதைச் சொல்ல வேண்டுமானால் முழங்கையைச் சொல்ல வேண்டும், முழங்கையைச் சொன்னால் கண்ணைச் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம் போதும். சுவரில் இருக்கிற பெயரை இன்று மாலையே சுண்ணாம்பு அடித்து மறைத்துவிடுவார்கள். வாய்வரை வந்தது, நாக்கில் உப்பு மாதிரி இருந்தது. இன்னாசி பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்திருந்தான். "உப்பளத்துல எண்ணுறவனுக்குச் சந்தேகம் வந்தா கழிக்க மாட்டோம் சார்," என்றேன். "அம்பாரத்தைப் பிரிச்சு மொதல்லேருந்து எண்ணுவோம். சந்தேகப்பட்ட எண்ணை எழுதக் கூடாது." கோதண்டம் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மீட்டரைப் படிக்கிறதுக்கு முன்னாடியே சொன்னார், அதனால ஒத்துக்கிறேன். இன்னொரு இருபது நிமிஷம். அதுக்கு மேல எனக்கு ரயில்." பிறகு மேடத்திடம், "முதல் ஓட்டம் ரத்து, காரணம் எழுதிக்குங்க. எண்ணியவர் தவறு. அவர் பேர்?" மேடம் பேனாவைத் திறந்தார், வாயையும் திறந்தார், நின்றுவிட்டார். சம்பள வவுச்சரில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அலை எண்ணுபவர், ஒன்று, என்றுதான் இருக்கும். "சார்... உங்க பேர்?" "அணைஞ்சபெருமாள்." எழுதினார். அறிக்கையில் என் பெயர் வருவது இதுதான் முதல் தடவை. "உம்ம பேரு இதாவே?" என்றான் இன்னாசி. "நான் கணக்குன்னுல்லா நெனச்சேன்." பெனடிக்டா சிரித்தாள். என் பெயருக்கு.

விசில். ஒன்று. சற்று வலப்புறம் திரும்பி உட்கார்ந்திருக்கிறேன், முழங்கை கொட்டகைக்கு நன்றாகத் தெரியும்படி. இரண்டு. வளையம் நனையாத அலைக்குக் கையை மடியில் கட்டிப் போடுகிறேன். மூன்று எண்ணுகிறேன், பின்னால் குதிக்கிறது. நான் எண்ணி முடிக்கிற இடத்தில் அவன் விடுகிறான், இத்தனை நாள் இது என் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது, சீறல் என் முத்துக்குப் பிறகு மூன்றாவது எண்ணில் வருகிறது, ஒருநாளும் நான் அதை எண்ணிப் பார்க்கவில்லை. நாற்பது. நல்லவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எண்பதில்கூட அந்த ஒரு வாக்கியம் வாயில் இருந்தது, எண்ணும்போது பேச முடியாது, அதனால் அது வெளியே வரவில்லை, அவ்வளவுதான். தொண்ணூறு. இப்போது அவன்மேல் இன்னும் எரிகிறது. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான், கண் தெரியவில்லை என்று, உம்மைப் பார்த்துத்தான் விடுகிறேன் என்று, பீடி கேட்பது மாதிரி. நான் ஓரத்தில் எழுதி மூன்று வருடம் காத்திருந்தேன். நூற்றுப் பதினேழு. இந்த முறை முத்து விரலில் இருக்கிறது, பார்த்தே போடுகிறேன். நூற்றுப் பதினெட்டு. நூற்று முப்பது. விசில். துண்டை விரித்தேன், கொட்டினேன், எண்ணினேன், எழுதினேன், மடித்தேன். நூற்று நாற்பத்து மூன்று. பெனடிக்டா படித்தாள். நானூற்று ஐம்பத்தொன்று. ஆயிரத்து நானூற்று முப்பதுக்கு. மேடத்துக்கு முன்னால் நான் போட்டுவிட்டேன் மனக்கணக்கு, முப்பத்தொன்றரை. "அண்ணாச்சி!" மேடம் கொட்டகையை நோக்கி ஓடுகிறார், வழுக்குகிற கல்லில், நாயும் பின்னால் ஓடுகிறது, சென்னை சார் அவன் கையைப் பிடித்துக் குலுக்குகிறார், அவன் அவர் தோளுக்கு மேலாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் பக்கம் பார்க்கிறான், முகம் தெரியுமா அவனுக்கு இந்தத் தூரத்தில், தெரியாது, ஒரு முழங்கைதான் தெரியும். நான் இடது பையையும் துண்டில் கொட்டினேன். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். மீதி ஐம்பத்தேழு.